காமராசர் படித்த பூகோளம்

முன்னுரை

ஜூலை 15 பெருந்தலைவர் காமராசர் பிறந்தநாள். 2006 முதல் இந்த நாளைக் கல்வி வளர்ச்சி நாளாகத் தமிழ்நாடு முழுவதும் கொண்டாடுகிறோம். ஒவ்வொரு வருஷமும் நம்ம சுவர் இதழில் அவரைப் பற்றி யாராவது எழுதுவார்கள். மதிய உணவு பற்றி எழுதிவிட்டார்கள். எளிமை பற்றியும் எழுதிவிட்டார்கள். அதனால் நான் வேறு ஒரு பக்கத்தில் இருந்து அவரைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அது பூகோளம். இப்போ நம்ம புத்தகத்தில் புவியியல் என்று இருக்கிறது. எங்க தாத்தா காலத்தில் பூகோளம் என்றுதான் சொல்லுவார்களாம்.

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் எல்லாருக்கும் வரலாறு பிடிக்கும், ஏன்னா அதில் கதை இருக்கு. புவியியல் என்றாலே பாறைக்கோளம், வளிமண்டலம், நீர்க்கோளம் என்று மனப்பாடம் பண்ணிவிட்டு, வரைபடக் கேள்விக்கு மட்டும் நாலு இடம் குறித்துப் பழகிக்கொள்கிறோம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருத்தர் அதே பாடத்தை வைத்து ஒன்பது வருஷத்துக்கு மேல் ஒரு மாநிலத்தையே நடத்தினார் என்பதுதான் நான் சொல்லப் போகும் செய்தி. இந்தத் தாளின் ஓரத்தில் நான் வரைந்து ஒட்டியிருக்கிற வரைபடத்தையும் சேர்த்துப் பாருங்கள். சிவப்பு ஸ்கெட்சில் குறித்தது அவர் இருந்த சிறைகள். நீல ஸ்கெட்சில் குறித்தது அவர் காலத்து அணைகள்.

பிறந்த மண்

காமராசர் 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-இல் விருதுநகரில் பிறந்தார். அப்போ அந்த ஊருக்கு விருதுபட்டி என்று பெயர். அப்பா குமாரசாமி, அம்மா சிவகாமி அம்மாள். தங்கை நாகம்மாள். முதலில் காமாட்சி என்று குலதெய்வத்தின் பெயரைத்தான் வைத்தார்களாம். செல்லமாக ராஜா என்று கூப்பிட்டு, இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆனது என்று சொல்கிறார்கள்.

விருதுநகர் நம்ம மாவட்டத் தலைநகர் என்பதால் அதன் நில அமைப்பு உங்களுக்கே தெரியும். கரிசல் மண். வெயில் அதிகம், மழை குறைவு. வைப்பாறு, அர்ச்சுனா நதி, கௌசிகா நதி என்று பெயர்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் மழை பெய்தால்தான் அதில் தண்ணீர் வரும், மற்ற நாளில் மணலும் சீமைக்கருவேலும்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் நாம் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறோம். தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டிவிட்டு நமக்கு வெறும் காற்றாக வருகிறது. இது எட்டாவதிலேயே படித்ததுதான். ஆனால் ஒரு தலைவரின் வாழ்க்கையே இதில் இருந்துதான் தொடங்கியது என்று நான் யோசித்தது இல்லை.

படிப்பு நின்றது

காமராசருக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அம்மா நகைகளை விற்றுக் குடும்பத்தை நடத்தினார். விருதுநகர் சத்திரிய வித்யாசாலா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டார். மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

இதை எழுதும்போது எனக்கு எங்க தெரு ஞாபகம் வருகிறது. என்னோடு எட்டாவது வரை படித்த ஒரு பிள்ளை இப்போ பள்ளிக்கு வருவதில்லை. அவங்க அப்பா தவறிவிட்டார். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே பட்டாசுக்குக் குழாய் உருட்டுகிறாள். நூறு வருஷத்துக்கு முன்னால் காமராசருக்கு நடந்ததும் இவளுக்கு நடந்ததும் ஒன்றுதான். கடைக்குப் பதில் குழாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

மலையைத் தாண்டினார்

துணிக்கடையில் இருக்கும்போதே அவர் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தார். 1919-இல் பஞ்சாபில் அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தபோது அவருக்குப் பதினாறு வயதுகூட முழுசாக ஆகவில்லை. விருதுநகரில் இருந்து அமிர்தசரஸ் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பாருங்கள். இந்தியாவின் தெற்குக் கோடி ஒன்று, வடக்குக் கோடி ஒன்று. அவ்வளவு தூரத்தில் நடந்தது ஒரு துணிக்கடைப் பையனைப் போராட்டத்துக்கு இழுத்துவிட்டது.

பையன் கெட்டுப் போய்விடுவான் என்று வீட்டில் பயந்து, திருவனந்தபுரத்தில் இருந்த இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். ஏன் அங்கே மரக்கடை, இங்கே துணிக்கடை? இதுவும் பூகோளம்தான். மலைக்கு அந்தப் பக்கம் மழை, அதனால் காடு, அதனால் மரம். இந்தப் பக்கம் கரிசல், அதனால் பருத்தி, அதனால் துணி. நம்ம பக்கத்துத் தீப்பெட்டிக் குச்சிக்கும் கேரளாக் காட்டு மரம்தான் வந்துகொண்டிருந்தது.

ஆனால் அங்கே போயும் அவர் மாறவில்லை. 1924-இல் வைக்கம் கோயிலைச் சுற்றி இருந்த தெருக்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடக்கக் கூடாது என்பதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் கலந்துகொண்டார். ஒரு தெருவில் யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்பது எந்த வரைபடத்திலும் போட்டிருக்காது. ஆனாலும் அதுவும் ஊரின் பூகோளம்தான் என்று எனக்குத் தோன்றியது.

சிறைகள் வழியாக இந்தியா

1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலோரம் இருக்கிறது வேதாரண்யம். கோடிக்கரைக்குப் பக்கம். கடல் தண்ணீர் ஏறி வற்றும் சதுப்பு நிலம், அதனால் அங்கே இன்றைக்கும் உப்பளம் இருக்கிறது. அந்தப் போராட்டத்துக்காகக் காமராசருக்கு இரண்டு வருஷம் தண்டனை கொடுத்து, வங்காளத்தில் கல்கத்தாவில் இருந்த அலிப்பூர் சிறைக்கு அனுப்பினார்கள். கடகரேகைக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது கல்கத்தா. 1931-இல் காந்தி - இர்வின் ஒப்பந்தத்தால் விடுதலை ஆனார்.

அதற்குப் பிறகும் வேலூர், அமராவதி என்று சிறைகள். மொத்தம் ஏறக்குறைய ஒன்பது வருஷம் சிறையில் இருந்திருக்கிறார். இந்த அமராவதி, உடுமலைப்பேட்டை பக்கம் அணை இருக்கிற நம்ம அமராவதி இல்லை. மகாராஷ்டிராவில் இருக்கும் ஊர். வரைபடத்தில் குறிக்கும்போது குழம்பிவிடாதீர்கள்.

சிறையில் அவர் சும்மா இருக்கவில்லை. புத்தகம் படித்தார். ஆங்கிலம் படிக்கப் பழகினார். பள்ளியில் கிடைக்காததைச் சிறையில் தேடிக்கொண்டார். வேலூர் சிறையில் இருந்தபோதே 1941-இல் விருதுநகர் நகராட்சித் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்ததும் அந்தப் பதவியை அன்றைக்கே விட்டுவிட்டார்.

ஒரு பை, ஒரு ரயில்

எனக்கு ரொம்பப் பிடித்தது 1942-இல் நடந்தது. பம்பாயில் ஆகஸ்ட் மாதம் காங்கிரஸ் கூட்டத்தில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் போட்டார்கள். உடனே தலைவர்களை எல்லாம் கைது செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். காமராசர் ரயிலில் திரும்பி வந்தார். அவர் சென்னைக்குப் போகாமல், முன்னாலேயே அரக்கோணத்தில் இறங்கிக்கொண்டார். அங்கே இருந்து ராணிப்பேட்டை, பிறகு தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர்க்காரர்களிடம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் விருதுநகருக்கு வந்தார். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவரே கைதாகிக்கொண்டார்.

ரயில் எந்த ஊரில் பிரிகிறது, எந்த ஊரில் இருந்து எந்த ஊருக்கு எந்த வழியாகப் போகலாம் என்று மனசுக்குள் ஒரு வரைபடம் இல்லாதவரால் இதைச் செய்திருக்க முடியுமா? நாம் அட்லஸில் பத்து மார்க்குக்குத் தேடுவதை அவர் போலீசுக்கு நடுவில் தேடியிருக்கிறார்.

முதலமைச்சர்

1954 ஏப்ரல் 13-இல் அவர் முதலமைச்சர் ஆனார். 1963 அக்டோபர் 2 வரை இருந்தார். அவருக்குப் பூகோளம் தெரியாது என்று யாரோ கேலியாகப் பேசியதாகவும், எந்த ஆறு எங்கே உற்பத்தியாகி எங்கே போகிறது, எந்த ஊரில் ஏரி இருக்கிறது, எங்கே என்ன விளையும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், அது போதும் என்கிற மாதிரி அவர் பதில் சொன்னதாகவும் எங்க ஊர்ப் பெரியவங்க சொல்லுவாங்க. அவர் காலத்தில் நடந்ததைப் பார்த்தால் அதில் பொய் இல்லை என்று தெரிகிறது.

அவர் காலத்து நீர்த்திட்டங்கள் சிலவற்றைத் தருகிறேன். குறித்துக்கொள்ளுங்கள். பத்தாவதில் உதவும்.

* பவானிசாகர் (கீழ்பவானி): அவருக்கு முன்பே தொடங்கி 1955-இல் முடிந்தது. பவானி ஆறு.
* சாத்தனூர் அணை: 1958. தென்பெண்ணை ஆறு.
* கிருஷ்ணகிரி அணை: இதுவும் தென்பெண்ணை ஆறுதான், சாத்தனூருக்கு மேலே இருக்கிறது.
* வைகை அணை: 1959. ஆண்டிபட்டிக்குப் பக்கம். 71 அடி தண்ணீர் தேக்கலாம்.
* மணிமுத்தாறு அணை: தாமிரபரணியின் துணையாறு.
* அமராவதி அணை: காவிரியின் துணையாறு.
* பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம்: மேற்கே ஓடும் ஆறுகளின் தண்ணீரை மலைக்குள்ளேயே திருப்பிக் கிழக்கே பொள்ளாச்சிப் பக்கம் கொண்டுவருவது.

கடைசித் திட்டத்தைப் பாருங்கள். மழை மறைவுப் பகுதி என்று நாம் ஒரு மார்க்குக்கு எழுதுகிறோம். அவர் காலத்தில் அந்த மறைவைத் தாண்டித் தண்ணீரைக் கொண்டுவர வேலை பார்த்திருக்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் நம்ம விருதுநகர்ப் பக்கம் ஒரு அணைகூட இல்லை. முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. சொந்த ஊரை மறந்துவிட்டாரா என்று சோசியல் டீச்சரிடம் கேட்டேன். வற்றாத ஆறு எங்கே இருக்கிறதோ, மலை இடுக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பெரிய அணை கட்ட முடியும், முதலமைச்சரின் ஊர் என்பதற்காக ஆறு திரும்பி வராது என்று டீச்சர் சொன்னார்கள். விருதுநகரில் அவங்க அம்மா வீட்டுக்கு நகராட்சி தனியாகப் போட்ட தண்ணீர்க் குழாயை அவர் எடுக்கச் சொல்லிவிட்டார் என்றும் எல்லாரும் சொல்லுவார்கள். வீட்டுக் குழாய்க்கே அப்படி என்றால் அணைக்கு எப்படி இருந்திருப்பார்!

1956-இல் மொழிவாரியாக மாநில எல்லைகளைப் பிரித்தபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோடு போயின. அதைப் போராடி வாங்கியிருக்க வேண்டும் என்று காமராசரைக் குறை சொல்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். எங்க தாத்தாவும் அவர்களில் ஒருத்தர். முல்லைப் பெரியாறு அணை அந்தப் பக்கத்தில் இருக்கிறது, அதன் தண்ணீர் இந்தப் பக்கம் வைகைக்கு வருகிறது. வரைபடத்தில் ஒரு கோடு எங்கே போகிறது என்பதற்காக மனுஷங்க அறுபது எழுபது வருஷமாகப் பேசிக்கொண்டு இருக்கிறார்கள் என்றால், வரைபடம் சும்மா மார்க்குக்கு இல்லை என்று புரிகிறது. எதையும் புகழ்ந்து மட்டும் எழுதக் கூடாது என்பதால் இதையும் எழுதினேன்.

பள்ளிக்கூடம் எங்கே இருக்க வேண்டும்?

அவருடைய பெரிய பூகோளப் பாடம் அணை இல்லை, பள்ளிக்கூடம். முதலமைச்சர் ஆனதும் அரைநாள் பள்ளி, அரைநாள் குலத்தொழில் என்று 1953-இல் வந்திருந்த திட்டத்தை நிறுத்தினார். ஊர் ஊராகப் பள்ளி திறந்தார். சின்னப் பிள்ளைகள் ஒரு மைலுக்கு மேல் நடக்கக் கூடாது என்று கணக்கு வைத்துத் தொடக்கப் பள்ளிகளை அமைத்தார்கள். அப்போது கல்வித்துறை இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. ஒரு வரைபடத்தில் எங்கே ஊர் இருக்கிறது, எங்கே பள்ளி இல்லை, நடுவில் ஓடை குறுக்கிடுகிறதா என்று பார்த்தால்தான் இதைச் செய்ய முடியும்.

சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் கார் நின்றபோது மாடு மேய்த்த ஒரு பையனிடம் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று காமராசர் கேட்டதாகவும், போனால் சோறு யார் போடுவார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு செய்தி உண்டு. 1956-இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். 2022-இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் வந்துவிட்டது.

நம்ம பள்ளிக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு. 1958-இல் அவர் ஆட்சியில் வந்த பஞ்சாயத்துச் சட்டத்தால்தான் ஊராட்சி ஒன்றியங்கள் உண்டாயின. நம்ம பள்ளி தரம் உயர்ந்த பிறகும் ஊரில் யூனியன் ஸ்கூல் என்றுதானே சொல்கிறார்கள்! அந்த யூனியன் என்ற பெயர் அங்கே இருந்து வந்ததுதான்.

பிற்காலம்

1963-இல் மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்கு வர வேண்டும் என்று சொல்லி, அவரே முதலில் பதவியை விட்டார். 1964-இல் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர் ஆனார். லால் பகதூர் சாஸ்திரியும், பிறகு இந்திரா காந்தியும் பிரதமர் ஆனதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் 1967-இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே 1,285 ஓட்டில் தோற்றார். 1969-இல் நாகர்கோவிலில் நின்று நாடாளுமன்றத்துக்குப் போனார். 1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று சென்னையில் காலமானார். அடுத்த வருஷம் பாரத ரத்னா விருது கொடுத்தார்கள். சென்னையில் கடைசி வரை வாடகை வீட்டில்தான் இருந்தார்.

முடிவுரை

இப்போ நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். நம்ம பக்கத்தில் ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தும்போது பெரியவர்கள் ஒன்று சொல்லுவார்கள். காமராசரே படிக்கவில்லை, அவர் நாட்டையே ஆளவில்லையா என்பார்கள். படிக்காத மேதை என்ற பட்டத்தை இப்படியும் பயன்படுத்துகிறார்கள். இது எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

காமராசர் பூகோளத்தைப் பள்ளியில் படிக்கவில்லை. உண்மைதான். ஆனால் அவர் திருவனந்தபுரம் போனார், வைக்கம் போனார், கல்கத்தா போனார், கிராமம் கிராமமாகச் சுற்றினார். ராத்திரி ரயிலில் தனியாகப் போனார். எங்களை அப்படி விடுவீர்களா? நான் பார்த்த தூரமான ஊர் மதுரை. என் கூடப் படித்தவளுக்கு வீடும் குழாய் உருட்டும் திண்ணையும்தான். ஊர் சுற்ற முடியாதவர்களுக்குப் பாடப்புத்தகமும் அட்லஸும்தான் ரயில். அதையும் பிடுங்கிவிட்டுக் காமராசரைக் காட்டினால் எப்படி? படிப்பு வேண்டாம் என்று அவர் நினைத்திருந்தால் ஒரு மைலுக்கு ஒரு பள்ளி எதற்கு?

புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. வறண்ட தட்பவெப்பம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலுக்குச் சாதகமான காரணி என்று. இரண்டு மார்க் கேள்வி. நான் அதைப் படித்தபோது எங்க அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டு, கிணறு வத்தினதால வயலை விட்டு ஆபீசுக்குப் போனோம், அதுக்குப் பேரு சாதகமா என்று கேட்டார்கள். வெயில் ஏறினால் மருந்து அறையில் ரொம்பக் கவனமாக இருக்கணும், உராயக் கூடாது என்றும் சொன்னார்கள். புத்தகம் சொன்னதும் சரி, அம்மா சொன்னதும் சரி. இரண்டையும் சேர்த்துத் தெரிந்தால்தான் பூகோளம் முழுசாகும் என்று நினைக்கிறேன். காமராசருக்கு அம்மா சொன்ன பாதி தெரியும். அதை வைத்தே அவ்வளவு செய்தார். நமக்கு இரண்டு பாதியும் கிடைக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்க தெருவில் யாராவது பள்ளியை விட்டு நின்றிருந்தால் டீச்சரிடம் பெயரைச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பேசத் தயார் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்கள். எங்க தெருப் பெயரை நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். பதினான்கு வயதுக்குள் எந்த வேலைக்கும் பிள்ளைகளை வைக்கக் கூடாது, பட்டாசு மாதிரி ஆபத்தான வேலைக்குப் பதினெட்டு வயது ஆகாமல் வைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அவள் வந்தால் என் அட்லஸை இரண்டு பேரும் சேர்ந்து வைத்துக்கொள்வோம்.

கண்டுபிடியுங்கள்! (விடைகள் அடுத்த இதழில்)

1. விருதுநகரில் இருந்து அலிப்பூர் எந்தத் திசையில் இருக்கிறது?
2. தென்பெண்ணை ஆற்றில் முதலில் வருவது சாத்தனூரா, கிருஷ்ணகிரியா?
3. இரண்டு அமராவதிகளும் எந்தெந்த மாநிலத்தில் இருக்கின்றன? மூன்றாவது அமராவதி ஒன்றும் உண்டு, அது எங்கே?
4. நம்ம ஊருக்கு மிகப் பக்கத்தில் ஓடும் ஆறு எது? அது எங்கே போய்ச் சேருகிறது?

நாலாவது கேள்விக்கு அட்லஸ் போதாது. வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வாருங்கள்.

வாழ்க காமராசர் புகழ்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி